விழுந்ததற்குக் கட்டிய படிக்கட்டு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம், என் வலது முட்டியைத் தவிர. அது தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. அத்தானின் கண் எப்படி இருக்கிறது? கட்டைப் பிரித்ததும் முதலில் உன் முகத்தைத்தான் பார்த்தார் என்று எழுதியிருந்தாய். பாவம், டாக்டர் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கியிருக்கலாம்.

இனி வம்பு. மூன்றாம் கோர்ட்டில் சுருக்கெழுத்தாளன் என்றால் மேஜை நாற்காலி மாதிரி. என்னை வைத்துக்கொண்டே எல்லோரும் எல்லாம் பேசுவார்கள். அதனால் என் அளவுக்கு வம்பு சேர்த்தவன் இந்தக் கட்டடத்தில் கிடையாது. அதில் இந்த மாத முதல் பரிசு ஒரு படிக்கட்டுக்கு.

ஒரு தையல்காரர். பக்கத்துத் தெருவில் ஏதோ திருட்டு என்று விசாரிக்கக் கூட்டிப் போனார்கள். மூன்றாம் நாள், ஜனவரி இரண்டாம் தேதி, காவல் நிலையத்தில் செத்துப்போனார். காற்று வாங்க மாடிக்குப் போனவர் படிக்கட்டில் உருண்டு விழுந்தார் என்று அரசாங்கம் பதில் மனு போட்டது. இன்ஸ்பெக்டர் தனியாகச் சொன்னால் அதற்குப் பெயர் புளுகு. துறை முத்திரை குத்திச் சொன்னால் அது பதில் மனு. தையல்காரர் மனைவி கூண்டில் ஏறி ஒரே வரிதான் சொன்னாள். "ஐயா, மூணு நாளும் அந்த வாசல்லதான் நான் நின்னேன். அங்க படிக்கட்டே கிடையாது."

எங்கள் நீதிபதி ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ கெட்ட காலம் என்று வாசலில் பெயர் கூப்பிடும் டவாலி சொல்லுவார். "எழுந்திரிங்க, போய்ப் பார்த்துடலாம்" என்றார். இரண்டு வேன் நிறைய நாங்கள் போனோம். போய் இறங்கினால், அக்கா, படிக்கட்டு இருக்கிறது. பதினாறு படி, கைப்பிடியோடு. மேலே ஏறிப் பார்த்தேன். மொட்டை மாடி, ஒரு காக்கை. அவ்வளவுதான். அரசு வக்கீல் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் படிக்கட்டைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐயா மட்டும் குனிந்து ஒரு படியை விரலால் தேய்த்தார். விரலை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். திரும்பி வரும்போது வேனில் என்னிடம், "புது நோட்டு ஒண்ணு எடுத்து வெச்சுக்கப்பா" என்றார்.

வீட்டுக்காரி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

உன் வாலு

பிப்ரவரி 24

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் நலம். அத்தான் இப்போது பேப்பரில் வரன் விளம்பரம்வரை வாசிக்கிறார். யாருக்கு என்று கேட்டால் பதில் இல்லை. உன் முட்டிக்கு வைத்தியம் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. உடம்பைக் குறை. கோர்ட்டு மேஜையும் நாற்காலியும்கூட உன்னளவுக்குப் பெருக்கவில்லை.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு ஒரே கேள்வி: நீதிபதி விரலை எதற்காக முகர்ந்தார்? எனக்கு வேறு கேள்வி. தரையில் உட்கார்ந்த அந்தப் பெண்ணை யாராவது தூக்கிவிட்டார்களா? நீ காக்கையைப் பற்றிக்கூட எழுதினாய், அதை எழுதவில்லை.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முட்டி என்னோடு சமாதானமாகி இருக்கிறது. நீங்கள் இருவரும் சுகம்தானே?

முதலில் உன் கேள்வி. டவாலி தூக்கிவிட்டார். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் இரண்டு காதுக்கும் ஒரு கைக்கும்தான் சர்க்கார் சம்பளம் தருகிறது.

இனி அத்தான் கேள்விக்குப் பதில். விரலில் டீ வாசனை.

அந்தப் பெண் ஒரு மாதம் தெருத்தெருவாக அலைந்து அந்தப் படிக்கட்டைக் கட்டிய கொத்தனாரைக் கண்டுபிடித்துவிட்டாள். அவரும் வந்துவிட்டார், அக்கா. யார் வருவார்? நானாக இருந்தால் வெளியூர்க் கல்யாணம் என்று சொல்லியிருப்பேன். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன். சட்டையில் சுண்ணாம்புக் கறையோடு கூண்டில் ஏறினார். ஐயாவே கேட்டார்.

"அந்தப் படிக்கட்டு எத்தனை வருஷத்துப் பழசு?"

"வருஷமா? இன்னும் ரெண்டு மாசம் நிறையலைங்க. அடியில ஈரமே காயலை."

"யார் கட்டினது?"

"நான்தாங்க. நானும் என் சித்தாளும். தையல்காரர் செத்துப் பதினோராம் நாள் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு விட்டாரு. பழசாத் தெரியணும்னாரு. புதுசு பழசாகணும்னா நாள் போகணும் சார், அது என் கையில இல்லைன்னேன். டீத்தண்ணியைக் காய்ச்சி ஊத்துன்னாரு. ஊத்தினேன்."

கோர்ட்டே சிரித்தது. அரசு வக்கீல் எழுந்து, "மாடியில் ஒன்றுமே இல்லாமல் யாராவது படிக்கட்டு கட்டுவார்களா?" என்று மடக்கப் பார்த்தார்.

"ஏறுறதுக்குக் கட்டலைங்க," என்றார் கொத்தனார். "விழுந்ததுக்குக் கட்டினது."

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஐயா மெதுவாக, "இதுக்கு அரசாங்கம் பதில் சொல்லியே ஆகணும்" என்றார். அதையும் எடுத்துக்கொண்டேன். நூற்றுப் பன்னிரண்டாம் நோட்டு, ஏழாம் பக்கம். நாம் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு சுருக்கெழுத்து படித்தபோது நாமாகவே சில குறிகள் கண்டுபிடித்தோமே, அதையெல்லாம் போட்டுத்தான் அவர் வேகத்தைப் பிடித்தேன். உன்னைத் தவிர அதை ஒருவரும் வாசிக்க முடியாது.

நாளைக்கு உட்கார்ந்து டைப் அடிக்க வேண்டும். திங்கட்கிழமை மூன்று மணிக்குக் கொத்தனார் வருவார். நான் வாசித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கைநாட்டு வாங்க வேண்டும். பிறகு ஐயா கையெழுத்து. அதுவரைக்கும் கோர்ட்டில் சொன்னதெல்லாம் வெறும் காற்று. முப்பது வருஷம் காற்றைத் தாளில் பிடித்திருக்கிறேன் அக்கா. முதல் தடவையாக, நல்ல வேலைதான் பார்க்கிறோம் என்று தோன்றியது.

உன் வாலு

மார்ச் 30

அன்புள்ள வாலுக்கு,

இங்கே சுகம். கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். "விழுந்ததுக்குக் கட்டினது" என்று அத்தான் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டு அம்மாவிடம் என் தம்பி எழுதி எடுத்த வாக்குமூலம் என்று பெருமையடித்துவிட்டேன். உனக்காகப் பெருமைப்பட்டு ரொம்ப நாளாகிறது, தொட்டுப் பார்த்துக்கொள்.

திங்கட்கிழமை கொத்தனார் வந்தாரா? கைநாட்டு வைத்தாரா? உடனே எழுது.

அக்கா

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் போடத் தாமதம். கோர்ட்டில் வெள்ளையடிக்கிறார்கள். என் மேஜையை நடைபாதையில் போட்டுவிட்டதால் போகிற வருகிறவரெல்லாம் என்னை விசாரணை கவுன்ட்டர் என்று நினைத்துக் கழிப்பறைக்கு வழி கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன். இத்தனை வருஷ சர்வீஸில் மக்களுக்கு நேரடியாகச் செய்த முதல் உதவி.

வம்புக்குப் பஞ்சமில்லை. தலைமை எழுத்தர் தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு வந்தார், காதும் கறுத்துவிட்டது. ஐயாவுக்கு மேல் கோர்ட்டில் பதவி வரப்போகிறது என்று பேச்சு. மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை காலை உள்துறையிலிருந்து ஒருவர் பெரிய காரில் வந்து, ஐயா அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் இருந்தார். மூன்று தடவை டீ போனது. டவாலி கதவில் காது வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் கேக்கலை சார், ரெண்டு பேரும் மரியாதையாப் பேசுறாங்க" என்று உதட்டைப் பிதுக்கினார்.

வீட்டுக்காரி தோட்டம் போடுகிறாள். செடி வரவில்லை, மண்வெட்டிக்கு மட்டும் கைப்பிடி இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது.

நீ கேட்டிருந்தாயே, கொத்தனார் திங்கட்கிழமை வந்து கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

கூட ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். ஒரு பழைய நோட்டுதான். எங்கள் ஆவண அறையில் கரையான். உன் டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் போட்டு வை. பிரிக்க வேண்டாம், தூசி. உனக்கு ஆகாது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் வாலு

மே 19

அன்புள்ள வாலுக்கு,

சுகம். பார்சல் வந்தது. பெட்டியில் வைத்துவிட்டேன்.

எனக்கு எந்தக் காலத்திலும் தூசி ஆகாமல் இருந்ததில்லை. தூசி ஆகாதவன் நீதான். முப்பது வருஷ நோட்டுகள் இருக்கும் அறையில், ஒரே ஒரு நோட்டை மட்டும் தேடிவரும் கரையான் கெட்டிக்காரக் கரையானாக இருக்க வேண்டும்.

தலைமை எழுத்தர் காதுக்கு நாலு வரி, கொத்தனாருக்கு ஒரு வரி. உடம்புக்கு ஒன்றும் இல்லையே உனக்கு?

அக்கா

ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது, வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. நீங்கள் சுகம் என்று நம்புகிறேன்.

தீர்ப்பு வந்துவிட்டது, பேப்பரில் பார்த்திருப்பாய். இன்ஸ்பெக்டரையும் மூன்று போலீஸ்காரர்களையும் விட்டாயிற்று. படிக்கட்டு ஆதியிலிருந்தே இருந்தது, பூச்சு வேலை மட்டுமே சமீபத்தில் நடந்தது, இதைச் சாட்சியே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று பத்தி இருபத்திரண்டில் இருக்கிறது. வாசிக்கும்போது ஐயாவுக்குத் தும்மல் வந்து இரண்டு தடவை நிறுத்தினார். மறு வாரமே மேல் கோர்ட்டுக்குப் போய்விட்டார். வழியனுப்பு விழாவில் நான்தான் வாழ்த்து மடல் வாசித்தேன். என் குரல் நன்றாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.

தீர்ப்பு அன்றைக்கு அந்தப் பெண் சத்தம் போட்டாள். "இந்தக் காதால கேட்டேனே, நீங்க எல்லாரும் கேட்டீங்களே" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். என் பக்கம் திரும்பியபோது என் பேனா கீழே விழுந்துவிட்டதால் குனிந்து தேட வேண்டியதாயிற்று.

அவள் அப்பீல் போட்டிருக்கிறாள். அதற்காகக் கொத்தனார், தான் புதிதாகத்தான் கட்டியதாகச் சத்தியக் கடிதம் கொடுத்தார். கோர்ட்டில் ஒன்று சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டு வெளியே வேறு சொல்கிறார் என்று பொய்ச் சத்தியக் கேஸ் போட்டு, செவ்வாய்க்கிழமை அவரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அவர் தொழில் சாமான்களையும் சாட்சிப் பொருள் என்று எடுத்துப் போய்விட்டார்கள். கரணை எதற்குச் சாட்சி சொல்லுமோ தெரியவில்லை.

இந்தக் கடிதத்தில் சிரிப்பு சரியாக வரவில்லை, மன்னித்துக்கொள். வெயில்.

வாலு

ஜூலை 16

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். வெயில் இங்கேயும்தான்.

போன வாரம் பேப்பரில் நாலாம் பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி. அப்பீலில் மூல நோட்டைக் கேட்டார்களாம். கரையான் அரித்துவிட்டதாகச் சுருக்கெழுத்தாளர் எழுத்து மூலம் கொடுத்திருக்கிறாராம். அத்தான்தான் வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

வாட்டர் போர்டில் ஸ்டெனோ வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. உன் கையெழுத்து முதல் நாள் பிடிபடவில்லை. இரண்டாம் நாள் வழிக்கு வந்தது. நாம் கண்டுபிடித்த குறிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஏழாம் பக்கத்தை டைப் அடித்து, மார்ச்சில் நீ எழுதிய கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்று. பதினோராம் நாள், டீத்தண்ணி, எல்லாம் இருக்கிறது. பத்தி இருபத்திரண்டுதான் வேறே.

உன் மே மாதக் கடிதத்தில் இரண்டு திங்கட்கிழமை வருகிறது. காலையில் ஒருவர் காரில் வந்த திங்கட்கிழமை, மூன்று மணிக்குக் கொத்தனார் வந்த திங்கட்கிழமை. இரண்டும் ஒரே திங்கட்கிழமையா?

வாசித்துக் காட்டித்தான் கைநாட்டு வாங்க வேண்டும் என்று நீதான் எழுதினாய். வாசித்துக் காட்டினாயா? அப்படியானால் அவர் எப்படி ஒப்புக்கொண்டார்? வீட்டுக்காரியைப் பற்றியும் முட்டியைப் பற்றியும் எழுத வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா

ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

சுகம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை.

கொத்தனார் உள்ளே போய் இன்றோடு நாற்பத்தாறு நாள்.

அக்கா

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு எட்டு நாள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே திங்கட்கிழமைதான்.

உள்துறைக்காரர் போனதும் ஐயா என்னைக் கூப்பிட்டார். டைப் அடித்த வாக்குமூலம் அவர் மேஜையில் இருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஏழாம் பக்கத்தை மட்டும் மறுபடி அடிச்சுடுப்பா. சாட்சி கொஞ்சம் தடுமாறிப் பேசியிருக்கார். பொருள் தெளிவா வரணும்." நான் நோட்டைத் திறந்தேன். "நோட்டு வேண்டாம், நான் சொல்றேன்" என்றார். சொன்னார். படிக்கட்டு முன்பே இருந்தது, பூச்சு வேலைதான் செய்தேன் என்று முடித்தார். நான் எடுத்துக்கொண்டே போனேன். கை ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

அவர் என்னை மிரட்டவில்லை. பென்ஷனைப் பற்றிப் பேசவில்லை. மிரட்டியிருந்தால் உனக்கு எழுதுவதற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். கடைசியில் மட்டும், "உனக்குப் புரியும்" என்றார். பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் எதையாவது புரிந்துகொள்ளச் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா, எனக்குக் கௌரவமாக இருந்தது. இதை எழுதத்தான் எட்டு நாள் ஆனது.

மூன்று மணிக்குக் கொத்தனார் வந்தார். குளித்து, தலை வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். புதுப் பக்கத்தை வாசித்தால், "நான் அப்படிச் சொல்லலையே" என்று சொல்லிவிடுவார். அதனால் அடித்த தாள்களை அவர் முன்னால் வைத்துவிட்டு, ஏழாம் பக்கம் வந்ததும் மடியில் இருந்த நோட்டைப் பார்த்து வாசித்தேன். அவர் சொன்னதையே வாசித்தேன். பதினோராம் நாள், டீத்தண்ணி, விழுந்ததுக்குக் கட்டினது, ஒரு சொல் குறையாமல். தலையாட்டிக் கேட்டார். "அச்சு அசலா நான் பேசின மாதிரியே எழுதியிருக்கீங்க சார். படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றார். மைப்பெட்டியை நீட்டினேன். கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தாளில் வைத்து நன்றாக அழுத்தினார். கலைந்துவிடக் கூடாதே என்று காய்கிறவரைக்கும் ஊதினார்.

அவர் கைநாட்டு வைத்தது அவர் சொல்லாத பேச்சுக்கு.

நோட்டைக் கிழித்துப்போடும்படி ஐயா அறையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மனசு வராமல் உனக்கு அனுப்பினேன். எதற்கு அனுப்பினேன் என்று நீயே கண்டுபிடித்துச் சொன்னால் நன்றாக இருக்கும். எனக்குத் தெரியவில்லை.

கரையான் கடிதத்தில் இருப்பதும் என் கையெழுத்துதான்.

தம்பி

ஆகஸ்ட் 24

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறோம்.

ஐந்தாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். நோட்டு என்னோடு வருகிறது. மேல் கோர்ட்டில் அப்பீல் ஏழாம் தேதி என்று அத்தான் பேப்பரில் பார்த்துச் சொன்னார். அந்தப் பெண்ணின் வக்கீலுக்கு இன்றைக்கே கடிதம் போட்டுவிட்டேன். வாசிக்கத் தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தி நான் என்றும், கூண்டில் ஏறத் தயார் என்றும் எழுதியிருக்கிறேன். உன் பெயரை எழுதவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும். நான் வந்து இறங்குவதற்குள் சொல்லிவிடு.

வேலை போகும். அதற்கு மேலும் ஆகலாம். தெரிந்துதான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட நான் இரண்டு தடவை போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் தடவை அத்தான் கூட வந்தார்.

ரயிலடிக்கு வர வேண்டாம். முட்டி வலிக்கும்.

அக்கா

நவம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீ ஊர் போய்ச் சேர்ந்ததற்கு அத்தான் கையால் ஒரு கார்டு வந்தது. உன் கையால் ஒன்றும் வரவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

நோட்டு என்னுடையதுதான் என்று நான் ஒப்புக்கொண்டதும் அரசு வக்கீல், "இது அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டும் தெரிந்த கிறுக்கல், எதை வேண்டுமானாலும் வாசிப்பார்கள்" என்றாரே. என்னை ஒரு அறையில் வைத்து மேல் கோர்ட்டு நீதிபதி ஏதோ பழைய வழக்கிலிருந்து ஒரு பக்கம் சொல்ல, நான் எடுத்த தாளை இன்னொரு அறையில் உன்னை வாசிக்க வைத்தார்களே, அதைப் பற்றித்தான் கோர்ட்டு நடைபாதையில் இன்னும் பேச்சு. ஒரு பிழை இல்லை. டவாலி பார்க்கிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

பழைய தீர்ப்பு ரத்தாகிவிட்டது, விசாரணை மறுபடி முதலிலிருந்து நடக்கும். ஆனால் நீ ரயில் ஏறிய மறுநாளே காவல் நிலையத்துக்கு ஆள் வந்து, பாதுகாப்பில்லை என்று படிக்கட்டை இடித்துவிட்டார்கள். ஒரே நாள். ஒரு தெருவிளக்கு மாற்ற இவர்களுக்கு ஏழு மாதம் ஆகும். உள்துறைக்காரரை யாரும் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. நம் ஐயா இன்னும் மேலேதான் இருக்கிறார். விடுப்பில் இருக்கிறார் என்றும் சொல்கிறார்கள். தையல்காரர் மனைவி வாய்தாவுக்கு வாய்தா வருகிறாள். என்னைப் பார்த்தால் நிற்பதில்லை.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். என் மேல் கேஸ் ஜனவரியில் வருகிறது. அதுவரை சும்மா இருக்க முடியாமல், கோர்ட்டுக்கு எதிர்வரிசையில் ஜெராக்ஸ் கடை ஓரமாக என் பழைய மெஷினை வைத்துக்கொண்டு மனு அடித்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரி தினமும் மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போகிறாள்.

நீ வந்திருந்த ஐந்து நாளும் என் வீட்டில்தான் சாப்பிட்டாய், தூங்கினாய். என் முட்டிக்குத் தைலம்கூடத் தேய்த்துவிட்டாய். ஒரு தடவைகூட வாலு என்று கூப்பிடவில்லை. கேட்க வேண்டும் என்று எழுதவில்லை. கவனித்தேன் என்று எழுதுகிறேன்.

நேற்றுக் கொத்தனார் வந்தார். ஜாமீனில் வெளியே வந்து இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. உள்ளே இருந்தது எழுபத்தொன்பது நாள். ஆள் பாதியாகிவிட்டார். கரணை, மட்டப்பலகை, தூக்குக்குண்டு எல்லாம் இன்னும் காவல் நிலையத்தில் கிடக்கின்றன. அவை இல்லாமல் வேலைக்குக் கூப்பிட மாட்டேன் என்கிறார்கள், திரும்பக் கேட்டு மனு எழுத வேண்டும் என்றார். என்னைத் தேடி வரவில்லை. அந்த வரிசையில் மெஷின் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். முகத்தைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எழுதுங்க சார்" என்றார்.

ஒவ்வொரு சாமானாகச் சொன்னார், நான் அடித்தேன். முடித்து, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்து, மேலிருந்து கீழ்வரைக்கும் வரியில் விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். தாளில் இருந்ததைத்தான் வாசித்தேன், அக்கா. தலையாட்டிக்கொண்டே கேட்டார். மைப்பெட்டியைத் திறந்தேன்.

"ஒரு நிமிஷம் சார், தப்பா நினைக்காதீங்க" என்று தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "பாப்பா, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் சத்தமா வாசிம்மா." அவள் வாசித்தாள். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்ததால் பாதிதான் என் காதில் விழுந்தது. தூக்குக்குண்டு என்ற இடத்தில் அவர் அவளை நிறுத்தி, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்" என்றார்.

மைப்பெட்டியை நீட்டினேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி